வாசகர் கேள்வி பதில்: மருமகன் கூட்டிப்போகும் பியூலி

கேள்வி: செப்டெம்பரில் நானும் கணவரும் சவுதாம்ப்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். பக்கத்தில் பியூலி என்று ஒரு பழைய பிரபு மாளிகையும் கார் மியூசியமும் இருக்கிறதாம், ஒரு நாள் முழுக்க அங்கேதான் என்று மருமகன் இப்போதே திட்டம் போட்டுவிட்டார். வீட்டில் இன்னமும் ஒரு மொரிஸ் மைனரைத் துடைத்துக்கொண்டிருக்கும் இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்குக் கார் என்றால் ஏறி இறங்குகிற சாமான், அவ்வளவுதான். நான் மகளோடு கடைக்குப் போய்விடவா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கடை எங்கேயும் ஓடிவிடாது அம்மா, பியூலிக்கே போங்கள். ஆனால் வாசலிலேயே இவரையும் மருமகனையும் கார்களிடம் ஒப்படைத்துவிட்டு நீங்களும் மகளும் வேறு பக்கம் நடந்துவிட வேண்டும். மியூசியம், மாளிகை, பழைய மடம், தோட்டம், தலைக்கு மேலே ஓடும் மொனோரயில் எல்லாம் ஒரே டிக்கெட்டில் அடக்கம் என்பதால், அவர்கள் கார் பார்க்கிற நேரத்தில் நீங்கள் வாங்கில் உட்கார்ந்து கொட்டாவி விட வேண்டிய அவசியமே இல்லை.

நீங்கள் முதலில் மடத்துக்குப் போங்கள். 1204இல் ஜோன் மன்னன் சிஸ்டேர்சியன் துறவிகளுக்குக் கொடுத்த நிலம் அது. முந்நூறு வருடத்துக்கு மேல் அவர்கள் அங்கே செபமும் விவசாயமுமாக இருந்தார்கள், பிறகு எட்டாம் ஹென்றி நாடு முழுவதும் மடங்களை மூடிய காலத்தில், 1538இல், இதுவும் போனது. பெரிய தேவாலயத்தை இடித்துக் கல்லைக் கடற்கரைக் கோட்டைகள் கட்டக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது புல்தரையில் அதன் அளவு மட்டும் கோடு போட்ட மாதிரித் தெரியும், நடந்து பார்த்தால்தான் எவ்வளவு பெரிய கட்டடம் என்பது உறைக்கும். தப்பிப் பிழைத்தது சாப்பாட்டு மண்டபம்தான், அதுவே இன்றைக்கு ஊர்க் கோயில். உள்ளே போனால் பக்கச் சுவரைப் பாருங்கள். சுவரைக் குடைந்து படிக்கட்டு வைத்து, உயரத்தில் ஒரு கல் மேடை இருக்கும். மற்றவர்கள் வாய் திறக்காமல் சாப்பிட, ஒரு துறவி மட்டும் அந்தப் படியேறி நின்று வேதம் வாசிப்பாராம். சாப்பாட்டு மேசையில் டிவி பார்க்கிற நமக்கு இது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

அடுத்தது மாளிகை. மடத்தின் பெரிய வாசல் கட்டடத்தைத்தான் பிறகு வந்தவர்கள் வீடாக்கிக்கொண்டார்கள், 1870களில் அதைப் பெருப்பித்தார்கள். வளைந்த கல் கூரையைப் பார்க்கும்போதே இது வீடாகப் பிறந்த கட்டடம் இல்லை என்று தெரிந்துவிடும். பிரபுவின் வரவேற்பறையை விட உங்களுக்குப் பிடிக்கப்போவது விக்டோரியா காலத்துக் குசினி என்று நினைக்கிறேன், செப்புப் பாத்திரங்களை எல்லாம் வரிசையாக வைத்திருக்கிறார்கள். இவ்வளவையும் யார் தேய்த்திருப்பார்கள் என்ற கேள்வி நம் ஊர்ப் பெண்களுக்கு உடனே வரும், அது நல்ல கேள்வி.

சரி, இவருக்கு. மியூசியத்தில் 250க்கும் மேற்பட்ட வாகனங்கள் இருக்கின்றன, எல்லாவற்றின் முன்னாலும் நின்று பலகையை வாசிக்க வெளிக்கிட்டால் இரவாகிவிடும். உள்ளே ஜாக் டக்கர் என்ற பெயரில் 1930களின் கராஜ் ஒன்றை அப்படியே அமைத்திருக்கிறார்கள். எண்ணெய்க் கேன், சாவிகள், கழற்றிப் போட்ட பாகங்கள், கறுத்துப்போன வேலை மேசை என்று, மெக்கானிக் இப்போதுதான் தேத்தண்ணி குடிக்க எழுந்து போனமாதிரி இருக்கும். மொரிஸ் மைனர்க்காரர் அந்த இடத்தை விட்டு லேசில் நகரமாட்டார். பளபளக்கிற ரோல்ஸ் ரொய்ஸை விட இந்தக் கராஜ்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில் ஒஸ்டின் ஏ40 கார்க்காரர்கள் சின்னப் போத்தலில் இருந்து நாலு சொட்டுப் பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்களே, அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பழைய எஞ்சின் என்பது கண்ணாடிக்குப் பின்னால் வைக்கிற சாமான் இல்லை.

இன்னொரு விஷயம், இதை இவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. 1967இலிருந்து அங்கே ஓட்டோஜம்பிள் என்றொரு சந்தை நடக்கிறது, வழக்கமாக செப்டெம்பர் தொடக்கத்தில், ஒரு வார இறுதியில். பழைய வாகனங்களின் உதிரிப் பாகம், விளக்கு, ஹோர்ன், கையேடு என்று வயல் முழுக்கக் கடை பரப்பியிருப்பார்கள். உங்கள் பயணத் திகதியோடு பொருந்துகிறதா என்று மருமகனைப் பார்க்கச் சொல்லுங்கள். பொருந்தினால், மொரிஸுக்கு ஏதாவது வாங்காமல் இவர் திரும்பமாட்டார். ஆனால் பெற்றோல் வாசம் அடிக்கிற பழைய காபரேட்டரையோ பெற்றோல் டாங்கியையோ சூட்கேஸில் வைத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போக வேண்டாம், எரிபொருள் மிச்சம் இருக்கிற பாகத்தை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். ஹோர்ன், கதவுப் பிடி, விளக்குக் கண்ணாடி என்றால் பிரச்சினை இல்லை, பாரத்தை மட்டும் பாருங்கள்.

கேள்வி: இவ்வளவு பெரிய காணி பூமி உள்ள பிரபுக்கள் சொந்த வீட்டையே டிக்கெட் போட்டுக் காட்டுவது ஏன்? காசுக்கா பஞ்சம்?
– வாசகர், தெஹிவளை

பதில்: காசுக்குத்தான் பஞ்சம் ஐயா. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வரி ஒரு பக்கம், கூரை ஒழுக்கு ஒரு பக்கம், வேலைக்கு ஆள் கிடைக்காதது இன்னொரு பக்கம் என்று இங்கிலாந்தில் எத்தனையோ மாளிகைகளை இடித்தே தள்ளினார்கள். லோங்லீட் மாளிகை 1949இலும் வோபர்ன் 1955இலும் கதவைத் திறந்தது இந்த நெருக்கடியில்தான். பியூலியின் மூன்றாவது மொண்டேகு பிரபு எட்வர்ட், 1926இல் பிறந்தவர், அப்பா இறந்தபோது அவருக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. 25 வயதில் சொத்து கைக்கு வந்ததும் பார்த்தார், காட்டுவதற்குப் பெரிய ஓவியங்களோ தங்கச் சாமான்களோ அவரிடம் இல்லை. அப்பா ஜோன் மொண்டேகு இங்கிலாந்தில் காரைப் பிரபலமாக்கிய ஆட்களில் ஒருவர், அப்போது இளவரசராக இருந்த ஏழாம் எட்வர்டைத் தன் டைம்லர் காரில் ஏற்றிக்கொண்டு போனவர், பாராளுமன்றத்திலும் கார்க்காரர்களுக்காகப் பேசியவர். அப்படியானால் கார்களையே வைப்போம் என்று 1952இல் மாளிகையின் முன் மண்டபத்தில் ஐந்து பழைய கார்களை நிறுத்தி வாசலைத் திறந்தார் மகன். ஓவியம் தொங்க வேண்டிய இடத்தில் கார் நின்றால் சொந்தபந்தம் என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! சனம் வந்தது, கார்கள் பெருகின, 1972இல் தனிக் கட்டடத்தில் தேசிய மோட்டார் மியூசியம் திறக்கப்பட்டது. எட்வர்ட் 2015இல் காலமானார், காணி இன்றும் அந்தக் குடும்பத்திடம்தான் இருக்கிறது. என் கணக்கில் அந்த வீட்டைத் தூக்கி நிறுத்தியது அந்த ஐந்து கார்கள்தான், மியூசியத்தைப் பார்க்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் இன்னும் ருசிக்கும்.

கேள்வி: ரோல்ஸ் ரொய்ஸ் காரின் முன்னால் பறப்பதுபோல் நிற்கும் பெண் சிலை உண்மையில் வாழ்ந்த ஒரு பெண்ணுடையதா?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: இந்தக் கேள்வியும் நம்மைப் பியூலிக்கே கொண்டுபோகிறது. மேலே சொன்ன ஜோன் மொண்டேகு ஒரு கார்ப் பத்திரிகை நடத்தினார். அங்கே காரியதரிசியாக இருந்தவர் எலனோர் தோர்ன்டன், படம் வரைந்தவர் சார்ள்ஸ் சைக்ஸ். மொண்டேகு கல்யாணமானவர், ஆனாலும் அவருக்கும் எலனோருக்கும் இடையில் இருந்த உறவு தெரிந்தவர்களுக்குத் தெரியும், வாய் திறக்கமாட்டார்கள். மொண்டேகுவின் சொந்தக் காருக்கென்று சைக்ஸ் செய்து கொடுத்த முதல் சிலையில் அந்தப் பெண் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறாள். குறும்புக்காரச் சிற்பி! 1911இல் ரோல்ஸ் ரொய்ஸ் கம்பனி எல்லாக் கார்களுக்குமாக ஏற்றுக்கொண்ட சிலையையும் அவரே வடித்தார், அதற்கும் மாதிரி எலனோர்தான் என்றே பெரும்பாலானோர் சொல்கிறார்கள்.

மிச்சக் கதை கஷ்டமானது. முதல் உலகப் போரில் இந்தியாவில் மோட்டார் போக்குவரத்து ஆலோசகர் வேலை மொண்டேகுவுக்கு. பம்பாய்க்குப் புறப்பட்ட பேர்சியா என்ற கப்பலில் எலனோரும் கூடப் போனார். 1915 டிசெம்பர் 30, மத்தியானச் சாப்பாட்டு நேரம், கிரீட் தீவுக்கு அப்பால் ஜேர்மன் நீர்மூழ்கி அடித்த டோர்பிடோவில் சில நிமிடங்களிலேயே கப்பல் போய்விட்டது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், எலனோரும் அதில் ஒருவர். காற்றடைக்கிற மேற்சட்டை போட்டிருந்த மொண்டேகு மேலே வந்து, உடைந்த படகொன்றில் ஒரு நாளுக்கு மேல் கிடந்து பிழைத்தார். ஊருக்குத் திரும்பியபோது பத்திரிகையில் வந்திருந்த தன் மரணச் செய்தியை அவரே வாசிக்கும்படி ஆனது.

கேள்வி: அந்த மியூசியத்தில் இருக்கும் ஆகவும் வேகமான கார் எது? நம் அதிவேக வீதியில் ஓட்டினால் எப்படி இருக்கும்?
– மாணவன், கொட்டாஞ்சேனை

பதில்: நம் அதிவேக வீதியில் மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேல் போனால் பொலிஸ் மறிக்கும் தம்பி, இந்தக் கார்கள் அந்த வேகத்தில் கண்ணைக்கூடத் திறக்காது. வேகத்தில் முதல் இடம் டொனால்ட் கம்பலின் நீல நிற புளூபேர்டுக்கு, 1964இல் அவுஸ்திரேலியாவின் அயர் உப்பேரியில் மணிக்கு சுமார் 648 கிலோமீற்றர். ஆனால் நீ நின்று பார்க்க வேண்டியது கோல்டன் அரோவை. 1929இல் ஹென்றி சீக்ரேவ் அமெரிக்காவின் டேடோனா கடற்கரை மணலில் 372 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டியது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஒரு மணித்தியாலமும் சொச்சமும்! அதில் விமான எஞ்சின். முன்னால் ரேடியேட்டர் வைத்தால் காற்று தடுக்கும் என்று பக்கத்தில் ஐஸ் பெட்டி வைத்து, அதற்குள்ளால் தண்ணீரை ஓடவிட்டுக் குளிர வைத்தார்கள். அந்த வேகத்தில் நேராகப் போகிறோமா என்று தெரிய, துப்பாக்கியில் இருப்பதுபோல் ஒரு குறிபார்க்கும் கருவியும் மூக்கில் பொருத்தியிருக்கிறது, கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும்.

அதே சீக்ரேவ் 1927இல் மணிக்கு 200 மைலை முதன்முதலில் தாண்டிய சிவப்பு நிற சன்பீமும் இந்த மியூசியத்தின் சொத்துத்தான். நூற்றாண்டுக்கு 2027இல் டேடோனாவுக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டும் என்று அதன் எஞ்சின்களைக் கழற்றித் திருத்தும் வேலையில் இறங்கியிருக்கிறார்கள், ஆகவே போகிற நாளில் அது மண்டபத்தில் நிற்குமா என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது. சீக்ரேவ் 1930இலும் கம்பல் 1967இலும் இறந்தது தண்ணீரில், படகு வேகச் சாதனை முயற்சியில். தரையில் இரண்டு பேரும் உயிர் தப்பிவிட்டார்கள், கம்பல் மட்டும் 1960இல் அமெரிக்காவில் ஒரு கார் விபத்தில் பலத்த காயப்பட்டார்.

கேள்வி: லண்டன் போக நமக்கு வசதி இல்லை. கொழும்பில் பார்க்க ஏதாவது பழைய கார்?
– வாசகர், மருதானை

பதில்: காலிமுகத்திடல் ஹோட்டலின் சின்ன மியூசியத்தில் 1935ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் நைன் கார் ஒன்று இருக்கிறது. பிற்காலத்தில் எலிசபெத் மகாராணியின் கணவரான இளவரசர் பிலிப், 1940இல் கடற்படை இளைஞராக இலங்கையில் இருந்தபோது 12 பவுணுக்கு வாங்கிய கார் என்று சொல்கிறார்கள். மற்றது, கண்ணைத் திறந்துகொண்டு வெள்ளவத்தைக் குறுக்கு வீதிகளில் நடவுங்கள், ஒஸ்டினும் மொரிஸும் இன்னமும் மீன் வாங்கப் போய் வருகின்றன. மொரிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்களை இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய காலமும் இருந்தது. அதைச் சொல்லிப் பெருமைப்பட நம்மிடம் ஒரு கராஜ் மியூசியம்கூட இல்லையே என்பதுதான் என் மனக்குறை.

கேள்வி: இலங்கை லைசென்ஸோடு அங்கே மகனின் காரை ஓட்டலாமா?
– வாசகர், கொள்ளுப்பிட்டி

பதில்: விசிட் வீசாவில் போகிறவர் நம் லைசென்ஸில் 12 மாதம் வரை சாதாரணக் கார் ஓட்டலாம், நம்மைப்போல இடது பக்கம்தான். ஆனால் மகனின் இன்ஷூரன்ஸில் உங்கள் பெயரைச் சேர்க்காமல் சாவியைத் தொடாதீர்கள். பலகையில் 40 என்று இருந்தால் அது மைல், கிலோமீற்றர் இல்லை. பியூலியைச் சுற்றியுள்ள நியூ ஃபாரஸ்ட் பக்கம் போகிறீர்கள் என்றால், அங்கே மட்டக் குதிரைகள் வேலி இல்லாமல் வீதிக்கு வரும், ஹோர்ன் அடித்தாலும் நகராது, நம் ஊர் மாடுகளுக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருக்க வேண்டியதுதான். பிஸ்கட் கொடுக்க இறங்க வேண்டாம், கடிக்கும்.