புதிய லினக்ஸ் கணினியில் முதலில் எதை நிறுவுவது? கேள்விகளும் பதில்களும்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்த பிறகு, நல்ல நிலையில் உள்ள பழைய கணினியைத் தூக்கிப்போட மனமின்றி லினக்ஸ் இயங்குதளத்துக்கு வந்தவர்கள் பலர். அவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெரும்பாலானோர் லினக்ஸ் மின்ட் 22 பதிப்பை நிறுவியிருப்பதால் அதையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறேன். அது உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் 24.04 பதிப்பின் மேல் கட்டப்பட்டது என்பதால் உபுண்டு பயன்படுத்துவோருக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, மதுரை): வணக்கம் ஐயா. நேற்றுத்தான் மின்ட் நிறுவினேன். "கட்டாயம் நிறுவ வேண்டிய ஐம்பது மென்பொருள்கள்" என்று ஒரு பட்டியல் கிடைத்தது. அதை வரிசையாக நிறுவிவிடலாமா?

வேண்டாம் அம்மா. அந்தப் பட்டியலில் பாதி உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும். ஃபயர்பாக்ஸ் உலாவி, லிப்ரே ஆஃபீஸ், தண்டர்பேர்டு மின்னஞ்சல், பிடிஎஃப் காட்டி, படம் பார்க்கும் செயலி ஆகிய அனைத்தும் மின்ட்டோடு சேர்ந்தே வருகின்றன. மீதிப் பாதியில் பெரும்பாலானவை உங்களுக்கு என்றுமே தேவைப்படாமல் போகலாம். தேவை வரும்போது ஒவ்வொன்றாக நிறுவுவதே நல்லது. ஒரு மென்பொருளைக் குறைவாக நிறுவினால், புதுப்பிக்க வேண்டியதும் பழுதாகக்கூடியதும் ஒன்று குறையும்.

முதல் நாளில் செய்ய வேண்டியவை இரண்டே. ஒன்று, அப்டேட் மேனேஜரைத் திறந்து எல்லாவற்றையும் புதுப்பித்து, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். நிறுவல் கோப்பு உருவான நாளுக்குப் பிறகு வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் அப்போதுதான் வந்து சேரும். இரண்டு, இயங்குதளத்தின் நிலையை அப்படியே பதிந்துவைக்கும் டைம்ஷிஃப்ட் செயலியைத் திறந்து முதல் ஸ்னாப்ஷாட்டை, அதாவது முதல் பதிவை, எடுங்கள். இதுவும் மின்ட்டில் ஏற்கெனவே இருக்கிறது, உபுண்டுவில் நிறுவிக்கொள்ள வேண்டும். பின்னர் எந்த டிரைவரோ அப்டேட்டோ கணினியைக் கெடுத்தாலும் இன்றைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

ஒன்றைக் கவனமாக மனத்தில் வையுங்கள். டைம்ஷிஃப்ட் காப்பது இயங்குதளத்தை மட்டுமே. உங்கள் ஹோம் கோப்புறையை அது இயல்பாகவே விட்டுவிடும், ஆகவே வினாத்தாள்களும் குடும்பப் புகைப்படங்களும் அந்த ஸ்னாப்ஷாட்டில் இருக்கமாட்டா. அவற்றுக்கு டேஜா டூப் என்ற எளிய பேக்கப் மென்பொருளை நிறுவி, வெளி ஹார்டு டிஸ்கில் வாரம் ஒருமுறை நகலெடுக்கும்படி அமைத்துவிடுங்கள். ஸ்னாப்ஷாட் இருக்கிறதே என்று நம்பிப் புகைப்படங்களை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி (பொறியியல் மாணவர், திருச்சி): அண்ணா, என் மடிக்கணினியில் என்விடியா கிராபிக்ஸ் கார்டு உள்ளது. டிரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டது, ஏதோ கொடுத்தேன். மறுதொடக்கம் செய்தபோது நீலத் திரை ஒன்று வந்து, நான் படிப்பதற்குள் மறைந்துவிட்டது. இப்போது டிரைவர் வேலை செய்யவில்லை.

அந்த நீலத் திரை பழுதைக் காட்டுவதன்று, அனுமதி கேட்பது. உங்கள் கணினியில் செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பு இயக்கத்தில் இருக்கிறது. கையொப்பம் சரிபார்க்கப்படாத எதையும் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஏற்ற அது விடாது. என்விடியா டிரைவர் உங்கள் கணினியிலேயே தொகுக்கப்பட்டுக் கையொப்பமிடப்படுவதால், அந்தக் கையொப்பத்தை ஏற்கலாம் என்று உரிமையாளராகிய நீங்கள் நேரில் உறுதி சொல்ல வேண்டும். அந்தத் திரை பத்து விநாடிதான் காத்திருக்கும். அதற்குள் எந்த விசையையும் அழுத்தாவிட்டால் கணினி வழக்கம்போல் தொடங்கிவிடும், டிரைவர் மட்டும் ஏறாது.

டிரைவர் மேனேஜரில் என்விடியா டிரைவரை நீக்கிவிட்டு, பரிந்துரைக்கப்பட்டது என்று குறிக்கப்பட்டுள்ள பதிப்பை மீண்டும் நிறுவுங்கள். கடவுச்சொல் கேட்டால், எட்டு எழுத்துக்குக் குறையாமல், சிறிய ஆங்கில எழுத்துகளும் எண்களும் மட்டும் கொண்ட ஒன்றைக் கொடுத்துத் தாளில் எழுதிவையுங்கள். மறுதொடக்கத்தில் நீலத் திரை வந்தவுடன் ஒரு விசையைத் தட்டி, "என்ரோல் எம்ஓகே", "கன்டினியூ", "எஸ்" என்று வரிசையாகத் தேர்ந்து, எழுதிவைத்த கடவுச்சொல்லை இடுங்கள். தட்டச்சு செய்யும் எழுத்துகள் திரையில் தெரியமாட்டா. அதனால் குழம்ப வேண்டாம். மீண்டும் நிறுவும்போது கடவுச்சொல்லே கேட்கவில்லை என்றால், எம்ஓகேயூடில் என்னும் கட்டளை மூலம் அதே கையொப்பச் சாவியை மறுபடி பதிவுக்கு அனுப்பலாம்.

கேள்வி (தட்டச்சு நிலையம் நடத்துபவர், தஞ்சாவூர்): தமிழில் தட்டச்சு செய்ய எதை நிறுவ வேண்டும்? எனக்குப் பழைய தட்டச்சுப் பொறி முறைதான் பழக்கம். என் மகள் தமிழ்99 கற்றிருக்கிறாள். ஒரே கணினியில் இரண்டும் இயலுமா?

தாராளமாக இயலும். ஐபஸ் என்ற உள்ளீட்டுச் சட்டகத்தையும், அதற்குரிய எம்17என் தொகுப்பையும் நிறுவுங்கள். அந்த ஒரு தொகுப்புக்குள்ளேயே தமிழ்99, தட்டச்சுப் பொறி, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட் ஆகிய முறைகளோடு, இலங்கையில் வழங்கும் ரெங்கநாதன் விசைப்பலகையும் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து இதே கேள்வியைக் கேட்டிருந்த நண்பருக்கும் இதுவே பதில். நிறுவிய பின், மின்ட்டின் உள்ளீட்டு முறை அமைப்பில் ஐபஸைத் தேர்ந்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். "நிறுவினேன், வரவில்லை" என்று எழுதுவோரில் பெரும்பாலானோர் தவறவிடுவது இந்த வெளியேறி உள்நுழையும் படியைத்தான். பிறகு ஐபஸ் விருப்பங்களில் தமிழின் கீழுள்ள இரண்டு முறைகளையும் சேர்த்துவிட்டால், நீங்களும் மகளும் ஒரு குறுக்குவிசையில் மாற்றிக்கொள்ளலாம்.

எந்த முறையும் பழகாத புதியவர்கள் தமிழ்99-ஐயே கற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற முறை அது. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்யெழுத்துகளில் பெரும்பாலானவை வலக்கையிலும் அமைவதால் இரு கைகளும் மாறி மாறி இயங்கும். "அம்மா" என்று எழுத அ, ம, ம, ஆ என்ற நான்கு விசைகள் போதும். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானே வந்து அமர்ந்துகொள்ளும். "ந்த", "ங்க", "ம்ப" போன்ற இன இணைகளுக்கும் அப்படியே. தமிழின் எழுத்துச் சேர்க்கையை அறிந்து வடிவமைத்தவர்களின் உழைப்பு ஒவ்வொரு சொல்லிலும் விரலுக்குத் தெரியும்.

எழுத்துருவுக்கு நோட்டோ தமிழ், லோஹித் தமிழ் ஆகிய இரண்டும் மின்ட்டின் அதிகாரபூர்வ மென்பொருள் சேமிப்பிடமான களஞ்சியத்திலேயே கிடைக்கும். தொடக்கத்துக்கு அவை போதும்.

கேள்வி (அதே ஊரிலிருந்து இன்னொருவர்): பழைய கோப்புகளைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. எந்த எழுத்துரு நிறுவினால் சரியாகும்?

அவை எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான ஒருங்குறியில் (யூனிகோடு) எழுதப்பட்டவை அல்ல. பாமினி போன்ற எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருந்தார்கள். அதே எழுத்துருவை நிறுவினால் திரையில் தமிழாகத் தெரியும், ஆனால் தேடவோ இணையத்தில் இடவோ முடியாது. ஆகவே ஒருங்குறிக்கு மாற்றிவிடுவதே நிலையான தீர்வு. நிரல் எழுதத் தெரிந்தவர் அருகில் இருந்தால், பைத்தானுக்கான ஓப்பன் தமிழ் நிரலகத்தில் பாமினி, டிஸ்கி முதலான குறியாக்கங்களை மாற்றும் வசதி உண்டு. மாற்றிய பின்னும் மூலக் கோப்புகளை அழிக்க வேண்டாம், ஆங்கிலச் சொற்கள் கலந்த பத்திகள் மாற்றத்தில் சிதையும்.

கேள்வி (அலுவலக உதவியாளர், கோயம்புத்தூர்): அலுவலகத்திலிருந்து வரும் வேர்டு கோப்புகளை லிப்ரே ஆஃபீஸில் திறந்தால் பக்கங்கள் நகர்ந்துவிடுகின்றன. வேறு ஆஃபீஸ் மென்பொருள் நிறுவ வேண்டுமா?

அதற்கு முன் எழுத்துருக்களைச் சரிசெய்து பாருங்கள். காலிப்ரி இல்லாத கணினியில் வேறு அகலமுள்ள எழுத்துரு அந்த இடத்துக்கு வருவதால் வரிகள் நீண்டு, பக்கம் தள்ளிப்போகிறது. கார்லிட்டோ என்ற எழுத்துரு காலிப்ரியின் அதே அகல அளவுகளிலும், கலாடியா என்பது கேம்ப்ரியாவின் அளவுகளிலும் செய்யப்பட்டவை. இரண்டும் களஞ்சியத்தில் உண்டு. டைம்ஸ் நியூ ரோமனுக்கும் ஏரியலுக்கும் ஈடான லிபரேஷன் எழுத்துருக்கள் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். அசல் ஏரியல் முதலானவையே வேண்டுமெனில் மைக்ரோசாஃப்ட் எழுத்துருத் தொகுப்பை நிறுவலாம். அதை டெர்மினலில் நிறுவும்போது உரிம ஒப்பந்தம் ஒரு திரையில் வந்து நிற்கும், மவுஸால் அழுத்தினால் எதுவும் நடக்காது. டேப் விசையை அழுத்தினால் "ஓகே" சிவப்பாக மாறும், பின் என்டர் அழுத்துங்கள். இந்தத் திரையில் சிக்கி, கணினியையே அணைத்துவிட்டவர்கள் உண்டு.

தமிழ்க் கோப்புகளுக்கு இன்னொரு சிறப்புக் குறிப்பு. லிப்ரே ஆஃபீஸ் தமிழைச் சிக்கலான உரை அமைப்பு என்ற தனி வகையில் வைத்து, அதற்கெனத் தனி எழுத்துருவும் தனி அளவும் பேணுகிறது. பத்திப் பாணியில் மேலே உள்ள ஆங்கில எழுத்துருவை மட்டும் மாற்றிவிட்டுத் "தமிழ் மாறவில்லையே" என்று பலர் திகைக்கிறார்கள். கருவிகள் பட்டியில் விருப்பங்களுக்குச் சென்று, மொழிப் பகுதியில் இந்த வகையை இயக்கித் தமிழைத் தேர்ந்துவிட்டால், இரண்டையும் தனித்தனியே அமைக்கலாம்.

கேள்வி (மாணவர், திருச்சி): ஆன்டிவைரஸ் வேண்டாமா அண்ணா?

வீட்டுக் கணினிக்கு அவசியம் இல்லை. களஞ்சியத்திலிருந்து மட்டும் நிறுவுவதும் புதுப்பிப்பைத் தள்ளிப்போடாதிருப்பதுமே பெரிய காப்பு. ஜெராக்ஸ் கடைக்குப் போய்வரும் பென்டிரைவை விண்டோஸ் நண்பர்களுக்கும் கொடுப்பவராயின், அவர்களுக்காகக் கிளாம் ஏவி நிறுவிச் சோதியுங்கள். ஃபயர்வால் மின்ட்டில் இருக்கிறது, ஆனால் அணைந்த நிலையில் இருக்கும். அதைத் திறந்து ஒரு சுவிட்சைப் போட்டால் முடிந்தது. கடவுச்சொற்களுக்குக் கீபாஸ் எக்ஸ்சி நிறுவுங்கள். அதன் கோப்பு உங்களிடமே இருக்கும், முதன்மைக் கடவுச்சொல்லை மறந்தால் மீட்க எவராலும் முடியாது.

கேள்வி (உள்ளூர் வரலாற்று ஆர்வலர், காரைக்குடி): பழைய தமிழ் நூல்களின் பக்கங்களைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். அவற்றை எழுத்தாக மாற்றும் மென்பொருள் லினக்ஸில் உண்டா?

உண்டு, அதுவும் விலையின்றி. டெசராக்ட் என்ற எழுத்துணரி 1985-க்கும் 1994-க்கும் இடையே ஹியூலட் பேக்கர்டு நிறுவனத்தில் உருவாகி, 2005-இல் திறமூலமாக வெளியிடப்பட்டது. நரம்பியல் வலையமைப்பைப் பயன்படுத்தும் நான்காம் பதிப்பிலிருந்து தமிழை நன்றாகவே வாசிக்கிறது. டெசராக்டையும், தனித் தொகுப்பாக உள்ள அதன் தமிழ்த் தரவையும், ஜிஇமேஜ்ரீடர் என்ற முகப்பையும் சேர்த்து நிறுவுங்கள். தமிழ்த் தரவை நிறுவ மறந்தால் பக்கம் முழுவதும் உளறலாகவே வரும். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில், கோணலின்றி, நிழல் விழாமல் ஸ்கேன் செய்தால் பிழை வெகுவாகக் குறையும். பழைய அச்சில் வரும் ணை, லை, னை ஆகியவற்றின் கொம்பு வடிவங்களில் அது தடுமாறும், எனவே அவற்றை ஒப்புநோக்கும்போது தனியாகக் கவனியுங்கள். இத்தகைய நூல்களை எழுத்தாக்கும் உங்கள் பணி மிகப் பெரியது. எந்த நிலையில் சிக்கினாலும் கேளுங்கள்.

கேள்வி (பலர்): பாட்டு, படம், ஒளிப்படத் திருத்தம்?

பாட்டும் படமும் ஓடத் தேவையான மல்டிமீடியா கோடெக் தொகுப்பை மின்ட்டில் வரவேற்புத் திரையிலிருந்தே நிறுவிக்கொள்ளுங்கள். படம் பார்க்க விஎல்சி. ஒளிப்படத் திருத்தத்துக்குக் கிம்ப், அழைப்பிதழ், சுவரொட்டி வடிவமைக்க இங்க்ஸ்கேப்.

கேள்வி (கடை உரிமையாளர், ஈரோடு): டேலி ஓடுமா?

டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் கடையின் வரவுசெலவை அதை நம்பி ஒப்படைக்க நான் சொல்லமாட்டேன். 8 ஜிபி நினைவகம் இருந்தால், லினக்ஸுக்குள் இன்னொரு கணினிபோல் இயங்கும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் உரிமமுள்ள விண்டோஸை வைத்து ஓட்டுங்கள். இல்லையெனில் கணக்குக்கென ஒரு விண்டோஸ் கணினியைத் தனியே வைத்திருப்பதே சரி.

கேள்வி (பொறியாளர், சிங்கப்பூர்): ஒரே மென்பொருள் களஞ்சியத்திலும் ஃப்ளாட்பேக்காகவும் பிபிஏ வழியாகவும் டெப் கோப்பாகவும் கிடைக்கிறது. எதைத் தேர்வது?

முதலில் களஞ்சியம். அங்குள்ள பதிப்பு உங்கள் தேவைக்குப் பழையதாக இருந்தால் மட்டும், எல்லா லினக்ஸ் வகைகளுக்கும் பொதுவான தொகுப்பு வடிவமான ஃப்ளாட்பேக். முதல் ஃப்ளாட்பேக்கை நிறுவும்போது அடிப்படை நூலகங்களும் (பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகள்) சேர்ந்து பல நூறு எம்பி இறங்கும், அடுத்தவை அவற்றைப் பகிர்ந்துகொள்ளும். மின்ட் 22, உருவாக்கியவரால் உறுதிசெய்யப்படாத ஃப்ளாட்பேக்குகளை இயல்பாகக் காட்டுவதில்லை. அந்தத் தடையை நீக்க வேண்டாம். தனியாக இறக்கி நிறுவும் டெப் கோப்பை, அதை உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

பிபிஏவை, அதாவது தனிநபர்கள் நடத்தும் களஞ்சியத்தை, கடைசியில் வையுங்கள். சில ஆண்டுகளுக்கு முன், காணொளித் தொகுப்பு மென்பொருள் ஒன்றின் புதிய பதிப்புக்காக யாரோ ஒருவரின் பிபிஏவைச் சேர்த்தேன். அது இயங்குதளத்தின் பொது நூலகங்கள் சிலவற்றையும் மாற்றியிருந்தது எனக்குத் தெரியாது. பல மாதங்கள் கழித்துப் பதிப்பு உயர்த்தியபோது நூலகங்கள் மோதி, உள்நுழைந்தவுடன் கருந்திரை மட்டுமே வந்தது. மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டிய வேலை உள்ளே இருந்தது. நிறுவல் பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, அதிலிருந்தே டைம்ஷிஃப்டைத் திறந்து, முந்தைய நாள் ஸ்னாப்ஷாட்டை மீட்டேன். அரை மணி நேரத்தில் பழைய திரை திரும்பியது.

கேள்வி (பள்ளி ஆசிரியை, மதுரை): ஐயா, டைம்ஷிஃப்டைத் திறந்தேன். ஸ்னாப்ஷாட்டை வைக்க என் வெளி ஹார்டு டிஸ்கைத் தேர்வுசெய்ய விடவில்லை. 128 ஜிபி உள்டிஸ்கில் இடமும் குறைவு.

வெளி டிஸ்க் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் கோப்பு முறையில் இருக்கும். டைம்ஷிஃப்டுக்கு எக்ஸ்ட்4 போன்ற லினக்ஸ் கோப்பு முறை வேண்டும். டிஸ்கில் உள்ளவற்றை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, டிஸ்க்ஸ் செயலியில் 60 ஜிபி அளவுக்கு ஒரு பகுதியைத் தனியே பிரித்து எக்ஸ்ட்4 ஆக அமையுங்கள், மீதியை ஹோம் கோப்புறையின் பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஸ்னாப்ஷாட்தான் பெரியது. அடுத்தடுத்தவை மாறிய கோப்புகளுக்கு மட்டுமே புதிதாக இடம் எடுக்கும். வாரத்துக்கு ஒன்று என அமைத்து, இரண்டை மட்டும் வைத்திருக்கச் சொன்னால் போதும். வெளி டிஸ்க் இணைந்திருக்கும்போதுதான் அது எடுக்கும் என்பதால், ஞாயிறு காலையில் டிஸ்கைச் செருகுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மின்ட் நிறுவிய பென்டிரைவை அழிக்காமல் அதே டிஸ்கின் உறைக்குள் போட்டுவையுங்கள்.