யானையின் காதைக் கவனியுங்கள்

கேள்வி: குமரி மாவட்டத்தில் கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் மிளா (கடமான்), மலையணில் பார்க்க எது நல்ல நேரம்? யானை எதிர்ப்பட்டால் என்ன செய்வது?
– வாசகர், தக்கலை

பதில்: விடிந்ததும் முதல் இரண்டு மணி நேரம், இல்லையேல் மாலை 4 மணிக்கு மேல். வனத்துறை அனுமதியின்றிக் காட்டுக்குள் இறங்கக் கூடாது. மலையணிலை உச்சிக் கிளைகளில் தேடுங்கள். 8 மடங்கு பைனாகுலர் போதும். 12 என்றால் கை நடுக்கத்தில் காட்சி ஆடும். காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வீசினால் மிளா வாடை பிடித்து ஓடிவிடும்.

ரப்பர் தோட்ட ஓரம் யானை லத்தி (சாணம்) சூடாக, ஈரமாகக் கிடந்தால் வந்த வழியே திரும்புங்கள். காதை வீசியபடி மேயும் யானை நிதானமாக இருக்கிறது. காதை விரித்து, அசையாமல் உங்களையே பார்த்தால் எச்சரிக்கிறது. சத்தமின்றிப் பின்வாங்குங்கள். பைக்கில் இருந்தால் ஹாரன் வேண்டாம், செல்ஃபி வேண்டவே வேண்டாம்.