நின்றுபோன மாடலை வாங்கலாமா? ஆடியா, பிஎம்டபிள்யூவா?

கேள்வி: பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் எக்ஸ்டிரைவ்50, ஆடி க்யூ8 இ-ட்ரான் 55 என்ற இரண்டு மின்சாரக் கார்களில் ஒன்றை வாங்க இருக்கிறேன். இரண்டுமே டீலரிடம் நின்றுகொண்டிருக்கும், அதிகம் ஓடாத கார்கள். ஆடிக்குப் பெரிய தள்ளுபடி தருகிறார்கள். ஆனால் அதன் தயாரிப்பே நின்றுவிட்டதாமே? முழு சார்ஜில் ஐஎக்ஸ் 630 கி.மீ. போகும், ஆடி 582 தான் என்றும் சொல்கிறார்கள். நாளை பேட்டரி போய்விட்டால் கேட்க ஆள் இருக்குமா என்று பயமாக இருக்கிறது.

பதில்: பேட்டரி பயத்தை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. முழு சார்ஜில் பிஎம்டபிள்யூ பேட்டரியில் ஓட்டப் பயன்படுவது சுமார் 105 யூனிட் மின்சாரம், ஆடியில் சுமார் 106. நடைமுறையில் இரண்டும் ஒன்றுதான். பேட்டரி வாரண்டியும் இரண்டுக்கும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., எது முதலில் முடிகிறதோ அதுவரை. அதற்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் கம்பெனி பொறுப்பு. தயாரிப்பு நின்றதால் இந்த வாரண்டி ரத்தாகாது. பேட்டரியும் ஒரே கட்டியாக இருப்பதில்லை; உள்ளே மாட்யூல் எனப்படும் தனித்தனிப் பகுதிகள். பழுதானதை மட்டும் மாற்ற முடியும் என்பதால் 'பேட்டரி போனால் கார் போச்சு' என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

630, 582 என்ற எண்களைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அவை டபிள்யூஎல்டிபி என்ற ஆய்வுக்கூடச் சோதனையில் வந்தவை. அந்தச் சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 46.5 கி.மீ. தான், ஏசியும் ஓடாது. விளம்பரத்தில் போடுவதும் மிகச் சாதகமான சக்கர அளவுக்குக் கிடைத்த எண். 22 அங்குலச் சக்கரம் போட்ட காரைக் காட்டிக்கொண்டே அந்த எண்ணைச் சொல்லும் விற்பனையாளர்கள் நிறைய. நெடுஞ்சாலையில் 100 கி.மீ.க்கு 25 யூனிட் செலவானால், 105 யூனிட்டில் 420 கி.மீ. வரும். தொலைதூரம் போகும்போது நாம் 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரைதான் சார்ஜ் செய்து ஓட்டுவோம். ஆகவே ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கையில் இருப்பது 290 கி.மீ. சொச்சம். காற்றைக் கிழிப்பதில் பிஎம்டபிள்யூ சற்று மேல், அதனால் கொஞ்சம் கூடுதலாகப் போகும். ஆனால் அது 48 கி.மீ. வித்தியாசம் என்று நினைத்துப் பணம் கொடுக்காதீர்கள்.

சார்ஜிங் வேகத்திலும் இதே கதை. பிஎம்டபிள்யூ உச்சத்தில் 195 கிலோவாட் வாங்கும், ஆடி 170. கேட்டவுடன் பிஎம்டபிள்யூ வேகம் என்று தோன்றும். ஆனால் 10லிருந்து 80 சதவீதம் ஏற ஆடிக்குச் சுமார் 31 நிமிடம், பிஎம்டபிள்யூவுக்குச் சுமார் 35. காரணம், உச்ச வேகம் சில நிமிடங்களுக்குத்தான். அதன் பிறகு பேட்டரி சூடாகாமல் இருக்கக் கார் தானே வேகத்தைக் குறைத்துவிடும். ஆடி தன் உச்சத்தை அதிக நேரம் தாங்கிப் பிடிக்கிறது. கிலோவாட்டைக் கேட்காதீர்கள், நிமிடத்தைக் கேளுங்கள். அப்புறம், 22 கிலோவாட் ஏசி சார்ஜிங் (வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தில் சார்ஜ் செய்வது) வசதியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வீட்டில் மும்முனை மின்சாரம் இல்லாவிட்டால் 7.4 கிலோவாட்டுக்கு மேல் ஏறாது. இதைத் தெரிந்துகொண்டே விற்கிறார்கள்.

இப்போது தள்ளுபடிக்கு வருவோம். க்யூ8 இ-ட்ரான் தயாரான பிரஸ்ஸல்ஸ் ஆலையில் உற்பத்தி 2025 பிப்ரவரியில் நின்றது, உண்மைதான். எக்ஸ்டிரைவ்50 என்ற வகையும் 2025இல் எக்ஸ்டிரைவ்60க்கு இடம் கொடுத்துவிட்டது. ஆனால் ஐஎக்ஸ் என்ற கார் தொடர்ந்தது. நின்றுபோன மாடலில் முதலில் அடி வாங்குவது மறுவிற்பனை மதிப்பு. அவர்கள் தரும் தள்ளுபடி, நாளை நீங்கள் விற்கும்போது இழக்கப்போகும் தொகையை முன்கூட்டியே தருவதுதான். ஆகவே 6, 7 வருடம் வைத்து ஓட்டப் போகிறீர்கள், ஆடி சர்வீஸ் சென்டரும் பக்கத்தில் இருக்கிறது என்றால் ஆடியை எடுங்கள், லாபம் உங்களுக்கு. 3 வருடத்தில் மாற்றும் பழக்கம் இருந்தால் பிஎம்டபிள்யூதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, நிறையப் பேர் இதில் குழம்புவதால் விளக்கிச் சொல்கிறேன். நீங்கள் காரை வாங்காமல் லீஸில் எடுத்து, காலம் முடிந்ததும் இந்தத் தொகைக்குக் காரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று கம்பெனி எழுத்தில் உறுதி தந்தால், மதிப்பு சரிவது அவர்கள் கவலை. அப்போது 3 வருடத்துக்கும் ஆடி சரிதான். ஆனால் 'எடுத்துக்கொள்வோம்' என்பதற்கும் 'எடுத்துக்கொள்ளலாம்' என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டாவது இருந்தால் உறுதி எதுவும் இல்லை. முதலாவது இருந்தாலும், ஆண்டுக்கு எத்தனை கி.மீ. அனுமதி, தாண்டினால் கி.மீ.க்கு எவ்வளவு, கீறலுக்கும் டயர் தேய்மானத்துக்கும் எவ்வளவு பிடிப்பார்கள் என்று பாருங்கள். உறுதி தந்தவர் தயாரிப்பு நிறுவனத்தின் நிதிப் பிரிவா, டீலரா என்பதும் முக்கியம். டீலர் கடையை மூடினால் அந்தத் தாள் செல்லாக்காசு. இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே இது விதிவிலக்கு.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. விற்பனை இலக்கை எட்டுவதற்காக டீலர்களே தங்கள் பெயரில் காரைப் பதிவு செய்து நிறுத்திவிடுகிறார்கள். பிறகு ஒரு புரோக்கர் வழியாக அது 'புத்தம் புதிய கார்' என்று வரும். வாரண்டி ஓடத் தொடங்குவது நீங்கள் சாவி வாங்கும் நாளிலிருந்து அல்ல, முதல் பதிவு அல்லது முதல் டெலிவரி நாளிலிருந்து. ஒன்றரை வருடம் நின்ற காரில் உங்களுக்கு மிஞ்சுவது ஆறரை வருடம்தான். ஓடாமல் நிற்பதாலும் பேட்டரி தேயும். முழு சார்ஜோடு வெயிலில் மாதக்கணக்கில் நின்றால் இன்னும் வேகமாகத் தேயும். பாதி சார்ஜோடு நிழலில் நின்றிருந்தால் பெரிய பாதிப்பு இல்லை. எப்படி நின்றது என்று டீலரைக் கேட்டால் சிரித்து மழுப்புவார்.

பேட்டரியின் உண்மையான ஆரோக்கியம் காரின் கணினிக்குத் தெரியும். வாங்குபவரிடம் அதைத் தாளில் தர வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலான இடங்களில் இல்லை. பேட்டரியின் விவரங்களைப் பதிவு செய்து வைக்க ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவரும் பேட்டரி பாஸ்போர்ட்கூட 2027 பிப்ரவரியில்தான் தொடங்குகிறது. அதுவும் அதன் பிறகு சந்தைக்கு வரும் பேட்டரிகளுக்கு. வீட்டுக்கு அடுத்தபடியாக நாம் அதிகம் பணம் போடும் பொருளின் முக்கால்வாசி விஷயத்தை விற்பவர் மட்டுமே தெரிந்துவைத்திருப்பதை இவ்வளவு வருடம் பொறுத்துக்கொண்டிருப்பது அநியாயம்.

ஆகவே மூன்று தாள்களைக் கேளுங்கள்: முதல் பதிவுத் தேதி உள்ள ஆவணம், வாரண்டி தொடங்கிய தேதியைக் கம்பெனியின் சர்வீஸ் பதிவேட்டிலிருந்து எடுத்த நகல், அங்கீகரிக்கப்பட்ட பட்டறை தந்த பேட்டரி பரிசோதனை அறிக்கை. செல்போனில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், அது யாருடைய கார் என்றே தெரியாது. 'இன்றைக்குள் டோக்கன் போட்டால்தான் இந்த விலை' என்று புரோக்கர் அவசரப்படுத்தினால், தாள்கள் வந்த பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள். நின்றுபோன மாடலை அவரிடமிருந்து பறித்துப்போக வாசலில் யாரும் வரிசையில் நிற்கவில்லை.