யானை ஏன் கொல்லைக்கு வருகிறது?

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் பதில் சொல்கிறார்

கேள்வி: "இருக்கிற இடத்துக்கு ஏற்ப விலங்குகள் தங்களை மாற்றிக்கொள்கின்றன" என்று போன இதழில் எழுதினீர்கள். அப்படியென்றால் யானை மட்டும் காட்டிலேயே சமாளிக்காமல் எங்கள் ராகிக் கொல்லைக்கு ஏன் வருகிறது? ஒரே ராத்திரியில் நாலு மாதப் பாடு போய்விடுகிறது.
– விவசாயி, தேன்கனிக்கோட்டை

பதில்: உங்கள் கோபம் நியாயமானதுதான் ஐயா. பரணில் கண்விழித்துக் காவல் காத்தும் விடிந்ததும் மிதிபட்ட கதிரைப் பார்க்கிறவருக்குத்தான் அந்த வலி தெரியும்.

மாற்றம் இரண்டு விதம். ஒன்று உடம்பு, இன்னொன்று பழக்கம். யானைக்கு நகத்தை ஒட்டிய இடம் தவிர உடம்பில் வேர்வைச் சுரப்பி கிடையாது. காதின் பின்பக்கம் ரத்தக்குழாய்கள் நிறைய ஓடுகின்றன. காதை அசைக்க அசைக்க அந்த ரத்தம் சூடு இறங்கி உடம்புக்குத் திரும்புகிறது. அப்படியும் வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல்கூடத் தண்ணீர் வேண்டியிருக்கும். இந்த உடம்பு அமைய லட்சக்கணக்கான வருடங்கள் ஆயின. நாலைந்து வருட வறட்சிக்காக அது மாறாது.

பழக்கம் அப்படியில்லை, சட்டென்று மாறும். சித்திரை வெயிலில் சின்னாற்றில் ஒரு பெண் யானையைப் பார்த்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லை, வெறும் மணல். முன்னங்காலால் மணலைத் தள்ளித் தள்ளிக் குழி பறித்தது. ஊறிவந்த கலங்கல் தண்ணீரை உறிஞ்சி ஓரமாகப் பீய்ச்சிவிட்டு, தெளியும்வரை நின்றது. அப்புறம்தான் குடித்தது. அது போனதும் மான்கள் வந்து அதே குழியில் வாய் வைத்தன.

அதே புத்திதான் ராகியையும் கண்டுபிடித்தது. மழை ஓய்ந்ததும் காட்டுப் புல் முற்றி நாராகிவிடும். உங்கள் கொல்லையிலோ கதிர் பிடித்து நிற்கும். காட்டில் நாளெல்லாம் மேய்ந்தால் கிடைக்கும் சத்து இங்கே சில மணி நேரத்தில் கிடைக்கிறது. வளர்ந்த ஆண் யானைகள் பெரும்பாலும் தனியாகத் திரிபவை. ஆனால் விளைநிலங்கள் உள்ள பகுதிகளில் ஆண்கள் மட்டுமே சேர்ந்து கூட்டமாக நடமாடுவதை, தென்னிந்தியாவில் நடந்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. பட்டாசு, டார்ச் எல்லாவற்றுக்கும் அவை பழகிவிடுகின்றன. ஆக, யானை மாறியதால்தான் உங்கள் கொல்லைக்கு வருகிறது.

யானையைக் காப்பாற்றும் செலவைக் காட்டோரத்து விவசாயி மட்டும் சுமப்பது அநியாயம். பயிர் இழப்பீடு அடுத்த விதைப்புக்கு முன்னால் கைக்கு வந்தே ஆக வேண்டும்.

கேள்வி: ஒகேனக்கல்லில் ஆறு வற்றினால் முதலை என்ன செய்யும்?
– வாசகர், பென்னாகரம்

பதில்: மிச்சமிருக்கும் மடுவுக்கு நகரும். அதுவும் போனால் கரையில் வளை தோண்டி உள்ளே படுத்துவிடும். வெளியே எவ்வளவு கொதித்தாலும் வளைக்குள் சூடு குறைவு. உடம்புச் சூட்டைக் காக்க நம்மைப் போல அது தீனியைச் செலவழிப்பதில்லை. அதனால் மாதக்கணக்கில் பட்டினி தாங்கும். அப்படி ஒரு வளையைப் பார்த்தால் கிட்டே போகாதீர்கள்.

கேள்வி: உறைந்துபோன தவளை திரும்பவும் உயிரோடு எழுந்துவிடுமாமே, நிஜமா ஐயா?
– 9-ஆம் வகுப்பு மாணவி, பாலக்கோடு

பதில்: நிஜம்தான் கண்ணு. வட அமெரிக்காவில், அலாஸ்கா வரைக்கும் காட்டுத்தவளை (wood frog) என்று ஓர் இனம் உண்டு. குளிர்காலத்தில் சருகுக்கடியில் படுத்துவிடும். உடம்பிலுள்ள தண்ணீரில் பாதிக்கு மேல் பனிக்கட்டியாகிவிடும். மூச்சு இல்லை, இதயத்துடிப்பும் இல்லை. தோலில் பனி படத் தொடங்கியதுமே கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுகிறது. அந்தச் சர்க்கரை செல்லுக்குள் நிறைந்து, உள்ளே பனி கட்டாமல் பார்த்துக்கொள்கிறது. செல்லுக்கு வெளியே இருக்கும் தண்ணீர்தான் உறைகிறது. வெயில் திரும்பியதும் முதலில் இதயம் துடிக்கும், பிறகு மூச்சு வரும், கால் அசையக் கடைசியாகும். நம் ஊர்த் தவளைக்கு இந்த ஏற்பாடு கிடையாது. ஃப்ரீசரில் வைத்துப் பார்த்துவிடாதே, செத்துப்போகும்.