கஜுவா, கச்சானா? எந்த மரக்கறிக்கு எதை, எப்போது போடுவது

யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "தை மாதம் என்றபடியால் சந்தையில் பூசணி, புடலங்காய், கரட், இராசவள்ளி எல்லாம் மலிவாகக் கிடக்கின்றன. பால்கறிக்குக் கஜுவை வறுத்துப் போட்டாலும் சவச்சவ என்று இருக்கிறது. இராசவள்ளிக் கஞ்சியில் போட்டது அடுத்த நாள் ஊறிப்போய்க் கசக்கிறது. கஜு விற்கிற விலைக்கு இது வீண்செலவு, கச்சானைப் போட்டால் காணும் என்கிறா மாமி. எது சரி?"

மாமி சொல்வதில் பாதி சரி, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் பால்கறிக்கு வருவோம். வறுத்த கஜுவைக் கொதிக்கிற பாலுக்குள் போட்டால் அது நீரை உறிஞ்சும், மொறுமொறுப்பும் போய்விடும், முழுதாக வெந்து மெத்தென்றும் வராது, அந்த இரண்டுங்கெட்ட நிலைதான் உங்களுக்கு வாயில் சவச்சவ என்று படுவது. மரக்கறி தண்ணீர் விடுகிற காயா, மாச்சத்துள்ள கிழங்கா என்று பார்த்துத்தான் கஜுவை அரைப்பதா, அவிப்பதா, பொரித்து மேலே போடுவதா என்று முடிவெடுக்க வேண்டும்.

புடலங்காய், பூசணி, சுரைக்காய், பீர்க்கங்காய் எல்லாம் தண்ணீர் விடுகிற காய்கள். இவற்றுக்குக் கஜுவை அரைத்துத்தான் சேர்க்க வேண்டும். கஜுவில் எண்ணெயோடு மாச்சத்தும் நன்றாக இருக்கிறது, சூடு பட்டதும் அந்த மா வீங்கிக் கறியைத் தடிப்பாக்கும், தேங்காய்ப்பால் திரைந்து பிரிவதையும் குறைக்கும். 500 கிராம் காய்க்கு 15 முதல் 20 கஜு போதும். கொதிநீரில் அரை மணித்தியாலம் ஊற வைத்து, கிரைண்டரில் கொஞ்சத் தண்ணீரோடு வெண்ணெய் மாதிரி அரைத்தெடுங்கள். காயைச் சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சளோடு இரண்டாம் பாலில் அவியுங்கள், காய் வெந்து தண்ணீர் சுண்டிய பிறகு அரைத்த கஜுவை முதற்பாலில் கரைத்து விட்டு, மெல்லிய நெருப்பில் இரண்டு மூன்று நிமிடம் கிண்டிக்கொண்டே இருங்கள். கிண்டாமல் விட்டால் கஜு அடியில் போய்ப் பிடித்துவிடும். தேசிப்புளி விடுவதாக இருந்தால் சட்டியை இறக்கிய பிறகுதான், நெருப்பில் வைத்துப் புளி விட்டால் பால் திரையும். இப்படி அரைப்பதற்கு முழுக் கஜு வாங்கிக் காசைக் கொட்ட வேண்டாம், உடைந்த கஜு விலை குறைவு, ருசியில் வித்தியாசம் கிடையாது.

கஜு முழுதாகவே கறியில் தெரிய வேண்டும், விருந்துக்கு அழகாக இருக்க வேண்டும் என்றால், வறுக்காத கஜுவை இரவே ஊற வைத்து, அடுத்த நாள் தனியாக 15, 20 நிமிடம் அவித்து, நகத்தால் அழுத்தினால் பிளக்கிற பதம் வந்த பிறகு கறியில் சேருங்கள். இங்கே ஒரு விசயத்தைக் கவனிக்க வேண்டும். வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இருந்து வருவது, அதில் கல்சியம் அதிகம், அந்தத் தண்ணீரில் பருப்பு வகை எதுவும் லேசில் மெத்தென்று அவியாது. வடிகட்டிய தண்ணீர் கிடைத்தால் அதில் அவியுங்கள், இல்லையென்றால் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடுங்கள், அதற்கு மேல் போட்டால் சவர்க்கார வாடை வரும்.

இனி இராசவள்ளி. எனக்கு மிகவும் பிடித்த சமாச்சாரம் இது, கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன். இராசவள்ளி தானே மாச்சத்து நிறைந்தது, மசித்தால் பசை போல வரும், அதற்குள் கஜுவை அரைத்து விட்டால் கஞ்சி திகட்டிப் போகும், கிழங்கின் மணமும் அமுங்கிவிடும். ஆகவே இதற்கு அரைத்த கஜு வேண்டவே வேண்டாம். கையில் எண்ணெய் பூசிக்கொண்டு தோல் சீவுங்கள், இல்லாவிட்டால் கை கடிக்கும். 500 கிராம் கிழங்கைத் துண்டாக வெட்டி, மூடுகிற அளவுக்குத் தண்ணீர் விட்டு, குழைய அவித்து மசித்து, ஒரு கப் தடித்த தேங்காய்ப்பாலும் 150 கிராம் சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து ஒரு கொதியில் இறக்கினால் போதும். சிலருக்குக் கஞ்சி அழகான ஊதாவாக வராமல் நீலச் சாம்பல் நிறமாகப் போகும். அதுவும் அந்தக் கிணற்றுத் தண்ணீரால்தான், இராசவள்ளியின் நிறம் காரத்தன்மையில் நீலத்துக்கும் புளிப்பில் சிவப்புக்கும் மாறுகிற வகை. கிழங்கு அவிகிற போதே, பால் விடுவதற்கு முன்பு, நாலைந்து துளி தேசிக்காய்ச் சாறு விட்டால் நிறம் திரும்பிவிடும். கறிக்குச் சொன்ன அப்பச்சோடாவை இதற்குள் மறந்தும் போடாதீர்கள்.

கஜுவையும் பிளம்ஸையும் கஞ்சிப் பானைக்குள் போட வேண்டாம். நெய்யில் பொரித்துத் தனிப் போத்தலில் வைத்துக்கொண்டு, கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்கிற நேரம் மேலே போடுங்கள், அடுத்த நாளும் மொறுமொறு என்றே இருக்கும். பாயாசத்துக்கும் இதே கதைதான். பொரிக்கும்போது நெய் நன்றாகக் கொதித்த பிறகு போட்டால் வெளியே கறுத்து உள்ளே பச்சையாக நிற்கும், இளஞ்சூட்டிலேயே போட்டு மெல்லிய நெருப்பில் கிண்டி, நீங்கள் நினைத்த நிறத்துக்கு ஒரு படி முன்பாகவே எடுத்துவிடுங்கள், எடுத்த பிறகும் அதன் சூட்டிலேயே அது சிவக்கும். பிளம்ஸைக் கஜு எடுத்த பிறகு அதே நெய்யில் போடுங்கள், ஊதியதும் எடுங்கள். சூடு ஆறாமல் போத்தலை மூடினால் வியர்த்து ஊறிவிடும்.

நீங்கள் சொன்ன கசப்பு இரண்டு காரணத்தால் வரலாம். ஒன்று கருகல். மற்றது பழுதாகிப்போன கஜு: அதிலுள்ள எண்ணெய் காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டுக் கெட்டுப்போகும், மோந்து பார்த்தால் பழைய எண்ணெய் மணம் அடிக்கும். வறுத்தால் அந்தக் கசப்புப் போகாது. கண்ணாடிப் போத்தலில் வெயில்படக் கிடக்கிற கஜுவை வாங்காதீர்கள், வாங்கும்போது ஒன்றைக் கடித்துப் பாருங்கள், வீட்டுக்குக் கொண்டுவந்ததும் காற்றுப் புகாமல் மூடி பிரிட்ஜில் வையுங்கள். மாதக்கணக்கில் நல்லபடி இருக்கும்.

கரட் அல்வா, நீற்றுப்பூசணி அல்வா இரண்டுக்கும் சீனியை அவசரப்பட்டுப் போடக்கூடாது. துருவல் மெத்தென்று வெந்த பிறகுதான் சீனி, முதலே போட்டால் துருவல் விறைத்து நார்நாராக நின்றுவிடும். நீற்றுப்பூசணியைத் துருவிப் பிழிந்தால் வருகிற தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே துருவலை அவியுங்கள். கஜுவில் பாதியைக் குறுணலாக உடைத்துக் கடைசி ஐந்து நிமிடத்தில் சேர்த்து, மீதியைப் பொரித்து மேலே வையுங்கள்.

இப்போது மாமியின் கச்சான். பால்கறிக்கு அது சரிவராது, கச்சானில் மாச்சத்துக் குறைவு, எண்ணெய் கூட, அரைத்து விட்டால் எண்ணெய் மிதக்கும், கறி முழுக்கக் கச்சான் மணம்தான் நிற்கும். ஆனால் வறை, பிரட்டல் வகைக்குக் கச்சானை விடக் கஜு உயர்ந்தது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோவா வறை, பயற்றங்காய் வறை, கத்தரிக்காய்ப் பிரட்டல், இவற்றுக்கு 500 கிராம் காய்க்கு இரண்டு மேசைக்கரண்டி கச்சானை வறுத்து, தோல் நீக்கி, ஒன்றிரண்டாக இடித்து, சட்டியை இறக்கிய பிறகு தூவிப் பிரட்டுங்கள். தோலில் துவர்ப்பு இருக்கிறது, அதைக் கட்டாயம் ஊதிவிட வேண்டும். சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சணம் பிடித்தது எதையும் சேர்க்காதீர்கள், கச்சானில் வளரும் பூஞ்சணம் விடுகிற நஞ்சு வறுத்தாலும் முழுதாக அழியாது.

பனங்கட்டியோடு சேர்ந்தால் கச்சானுக்கு நிகர் இல்லை. பனங்கட்டியைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து, மண், தும்பு இருக்கும் என்பதால் வடித்து, தாச்சியில் காய்ச்சுங்கள். குளிர்ந்த தண்ணீரில் ஒரு துளி விட்டால் அது இறுகி, விரலால் அழுத்தும்போது உடைய வேண்டும், அப்போது சூடான வறுத்த கச்சானைக் கொட்டிக் கிளறி, நெய் பூசிய தட்டில் பரப்பி, இறுகுவதற்கு முன்பு கத்தியால் கோடு போட்டுவிடுங்கள். ஈரக்காற்றில் இளகும், ஆறியதும் பேணியில் போட்டு மூடுங்கள்.

இன்னொன்று, விருந்துக்குச் செய்கிறீர்கள் என்றால் வருகிறவர்களிடம், முக்கியமாகப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்களிடம், கஜுவோ கச்சானோ ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றது ஒத்துக்கொள்ளும் என்று எடுத்துவிட முடியாது. அரைத்துக் கலந்த கறியில் கஜு இருப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதால், அப்படி ஒருவர் இருந்தால் அவருக்கு வேண்டிய கறியைக் கஜு சேர்க்குமுன்பே வேறு சட்டிக்கு மாற்றி, வேறு கரண்டி போட்டு வையுங்கள்.