நடு அறையை மறந்துவிடாதீர்கள், தம்பி

இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடத்தில் வீடு வாங்கிவிட்டீர்கள். பின்பக்கம் ஆறு மீட்டர் நீட்டி, தோட்டத்துப் பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டால் வெளிச்சமாக இருக்குமா, கடன் எப்படி, கான்ட்ராக்டர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். கடனும் கான்ட்ராக்டரும் அவரவர் பாடு. எனக்கு அந்த ஆறு மீட்டர்தான் உறுத்துகிறது.

ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, அதில் இரண்டு இரண்டரை மடங்கு தூரம்தான் பகல் வெளிச்சம் உருப்படியாக உள்ளே வரும். 2.1 மீட்டர் கதவு என்றால் ஐந்து மீட்டரோடு சரி. இன்று தோட்டத்தைப் பார்த்திருக்கும் அறை நாளை வீட்டின் நடுவில் மாட்டிக்கொள்ளும். மத்தியானமே லைட் போட வேண்டும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. ஒன்பது வருடம் அந்த அறையில் சூட்கேஸ்களும் துணி காயப்போடும் ஸ்டாண்டும்தான் குடியிருந்தன.

நம் ஆட்களுக்குச் சட்டம் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவையும் கட்டிவிட வேண்டும். வீடு பார்க்க வருபவர் முதலில் கேட்பதே, "உங்களது எத்தனை மீட்டர்?" நானும் அப்படித்தான் கட்டினேன், மறைப்பானேன்.

கடைசியில் பழைய சுவரும் புதுக் கூரையும் சேரும் இடத்தில் கூரையை அறுத்துக் கண்ணாடி வைத்தோம். வானத்தைப் பார்த்த கண்ணாடி, அதே அளவு சுவர் ஜன்னலைவிட இரு மடங்காவது வெளிச்சம் தரும். முதலிலேயே செய்திருந்தால் பாதிச் செலவு. மேற்குப் பக்கம் மட்டும் கண்ணாடியைக் குறையுங்கள், ஜூலை மாலையில் அடுப்புதான்.

இன்னொன்று, டிசம்பரில் ஒரு நாள் மத்தியானம் தோட்டத்தில் நின்று பாருங்கள். 50 டிகிரி அட்சரேகையில் டிசம்பர் 21 வாக்கில் உச்சிச் சூரியனே அடிவானத்திலிருந்து 17 டிகிரி உயரத்தைத் தாண்டாது. இரண்டு மீட்டர் வேலியின் நிழல் கிட்டத்தட்ட ஏழு மீட்டருக்கு நீளும். வரைபடத்தில் இது தெரியாது. நான் தரையில் சாக்பீஸால் மணிக்கொரு கோடு போட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

அந்தப் பழக்கம் நான் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் வந்தது. நிலத்தடி அறை, ஜன்னலுக்கு எதிரே செங்கல் சுவர். பிப்ரவரி பிறந்ததும் பதினோரு மணிக்கு ஒரு கை அகலம் வெயில் விழும், இருபது நிமிடம். இரவு வேலை முடித்து வந்தவன் தூங்காமல் காத்திருப்பேன். அது நகர நகர நாற்காலியையும் நகர்த்திக்கொண்டே போவேன், கதவில் போய் இடிக்கும்வரை.