காரைத் தாழ்த்தும் முன் கேட்க வேண்டியவை: ஸ்பிரிங், ஷாக் குறித்த கேள்வி பதில்

சிறிய காரின் உயரத்தைக் குறைக்க எந்த ஸ்பிரிங், எந்த ஷாக் அப்சார்பர் வாங்குவது என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கோவையில் பதினெட்டு ஆண்டுகளாகச் சஸ்பென்ஷன் வேலை பார்க்கிறேன். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் கார்களும், தினமும் அலுவலகம் போய்வரும் கார்களும் என் கொட்டகையில் ஒரே லிஃப்டில்தான் ஏறுகின்றன. கேட்டவர்களில் பெரும்பாலோர் எத்தனை மில்லிமீட்டர் இறக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இறக்கிய பிறகு சக்கரம் மேலே ஏற எத்தனை மில்லிமீட்டர் மிச்சமிருக்கும் என்பதை முதலில் அளந்துகொள்ளுங்கள் என்பதே நான் எல்லோருக்கும் சொல்வது.

கேள்வி (திருப்பூர், 2018 ஸ்விஃப்ட்): டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே நான்கு விரல் நுழைகிறது, பார்க்க நன்றாக இல்லை. 30 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் மட்டும் போட்டால் போதுமா, ஷாக்கையும் மாற்ற வேண்டுமா? கார் 22,000 கி.மீ. ஓடியிருக்கிறது.

பதில்: வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். முன் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) டஸ்ட் கவரைத் தூக்கினால் பளபளக்கும் ராடு தெரியும். அதில் ஒரு மெல்லிய நைலான் டையை, விரலால் தள்ளினால் மட்டும் நகரும் அளவுக்கு இறுக்கிக் கட்டி, ஷாக்கின் உடலோடு ஒட்டித் தள்ளிவிடுங்கள். டையிலிருந்து மேலே உள்ள பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் அமுங்கும்போது கடைசி அடியை வாங்கும் மென்மையான கட்டை) வரை எத்தனை மி.மீ. என்று அளந்து குறித்துக்கொண்டு, வழக்கமாகப் போகும் சாலைகளில் வழக்கமான ஆட்களோடு ஒரு வாரம் ஓட்டுங்கள். குழியில் சக்கரம் மேலே ஏறும்போதெல்லாம் ஷாக்கின் உடல் அந்த டையை மேலே தள்ளும். கார் பழைய நிலைக்கு வந்த பிறகும் டை தள்ளிய இடத்திலேயே நிற்கும். அந்த வாரத்தில் உங்கள் சஸ்பென்ஷன் அதிகபட்சம் எவ்வளவு அமுங்கியது என்பதை அது காட்டிவிடும். இப்போதே டை பம்ப் ஸ்டாப்பைத் தொட்டு நின்றால், 30 மி.மீ. இறக்கிய கார் அந்தச் சாலையில் பம்ப் ஸ்டாப்பின் மேல்தான் ஓடும்.

இறக்கும் ஸ்பிரிங் ஏன் விறைப்பாக இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இதுதான். எடுத்துக்காட்டாக, சக்கரம் மேலே ஏற 80 மி.மீ. இருந்த காரை 30 மி.மீ. இறக்கினால் மிச்சம் 50. குழியின் அடி அப்படியேதான் வரும். அதை வாங்கிக்கொள்ளும் தூரம் மட்டும் குறைந்துவிட்டது. ஸ்பிரிங் தாங்கும் ஆற்றல் அமுங்கும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இருப்பதால், 80-ஐ 50-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 2.56 வருகிறது. அதாவது, பழைய அடியை ஸ்பிரிங் ஒன்றே தாங்க வேண்டுமென்றால் அது இரண்டரை மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். அவ்வளவு விறைப்பான ஸ்பிரிங்கோடு வீட்டுக் காரில் யாரும் உட்கார முடியாது என்பதால், தயாரிப்பாளர்கள் ஓரளவு மட்டும் விறைப்பைக் கூட்டி, மீதியை நீண்ட, மென்மையான பம்ப் ஸ்டாப்பின் பொறுப்பில் விடுகிறார்கள். ஸ்பிரிங்கோடு பம்ப் ஸ்டாப் வந்தால் அதையே போடுங்கள். வெட்டிப் போடச் சொல்லியிருந்தால் சொன்ன அளவுக்கு மட்டும் வெட்டுங்கள்.

உங்கள் கார் 22,000 கி.மீ. மட்டுமே ஓடியிருப்பதால், ஷாக்கில் எண்ணெய்க் கசிவு இல்லையென்றால், 25 முதல் 30 மி.மீ. வரை ஸ்பிரிங் மட்டும் மாற்றுவது ஏற்கத்தக்கதே. அதற்கு மேல் போனால் உடல் குட்டையாகச் செய்யப்பட்ட ஷாக் வேண்டும். பில்ஸ்டைன் நிறுவனம் பி6 என்று ஒரிஜினல் உயரத்துக்கும், பி8 என்று இறக்கிய உயரத்துக்கும் தனித்தனியாகச் செய்வது இந்த வேறுபாட்டுக்காகத்தான். விலை குறைவாகக் கிடைக்கிறதென்று ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி (மதுரை, ஆல்டோ): ஒரு பட்டறையில் நான்கு ஸ்பிரிங்கிலும் ஒரு சுற்று வெட்டித் தருகிறேன் என்கிறார்கள். வெட்டினால் ஸ்பிரிங் விறைப்பாகும், அதுவே போதும் என்பது சரியா ஐயா?

பதில்: விறைப்பாகும் என்பது உண்மை. சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு, வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை குறையக் குறையக் கூடும். ஐந்து சுற்றில் ஒன்றை வெட்டினால் 25 சதவீதம் கூடும். ஆனால் மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு சுற்று போனால் உயரம் நிறையவே குறையும். அதற்கு ஈடாகக் கிடைக்கும் 25 சதவீதம் எந்த மூலைக்கும் போதாது.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் என் சொந்தக் காரின் ஸ்பிரிங்குகளை ஒரு பட்டறையில் ஒன்றரைச் சுற்று வெட்டச் சொன்னேன். ஓட்டிப் பார்த்தபோது கார் நன்றாகத்தான் இருந்தது. ஒரு மாதம் கழித்து டயர் மாற்ற ஜாக்கியில் ஏற்றியபோது, முன் ஸ்பிரிங்கைச் சும்மா கையால் பிடித்துத் திருப்ப முடிந்தது. ஷாக் முழுவதும் நீண்டு தொங்கும்போது ஸ்பிரிங்குக்குப் பிடிமானமே இல்லை. வெட்டிய முனை, ஸ்பிரிங் சீட்டில் அதற்கென்று இருக்கும் படியை விட்டு இரண்டு விரல் தள்ளி உட்கார்ந்திருந்தது. அந்த இடத்தில் சீட்டின் பெயின்ட் உரிந்து துரு ஏறியிருந்தது. சாலையில் ஒரு மேட்டைத் தாண்டி சக்கரம் தொங்கி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஸ்பிரிங் தளர்ந்து, மறுபடி எங்கே உட்காரும் என்ற நிச்சயமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. பின்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக இருக்கும் கார்களில் ஸ்பிரிங் தன் சீட்டை விட்டே நழுவி வெளியே வரலாம்.

வெட்டாமல் டார்ச்சால் சூடாக்கி உட்கார வைக்கிறேன் என்று யாராவது சொன்னால், சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். அதில் எஃகின் பதமே போய்விடும். அந்த ஸ்பிரிங் இன்னும் இறங்கும் அல்லது ஒரு நாள் முறியும்.

கேள்வி (சென்னை, 2016 போலோ): முன்னால் 6, பின்னால் 5 கிலோ விறைப்புள்ள காயிலோவர் செட் நல்ல விலைக்கு வருகிறது. தினமும் ஓட்டும் காருக்குச் சரிவருமா?

பதில்: காயிலோவர் என்பது ஷாக்கும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒன்றாக வரும், உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய அமைப்பு. இந்த 6 என்பது ஒரு மில்லிமீட்டர் அமுக்க 6 கிலோ எடை வேண்டும் என்ற கணக்கு, நியூட்டனில் மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 59. முன் சக்கரம் ஒன்றின் ஸ்பிரிங் சுமக்கும் எடையை 300 கிலோ என்று வைத்துக்கொண்டால், கார் மேலும் கீழுமாக ஆடும் வேகம் நொடிக்கு 2.2 தடவைக்கு மேல் போகிறது. வீட்டுக் கார்கள் வழக்கமாக 1 முதல் 1.5 தடவைக்குள் ஆடும்படி அமைக்கப்படுகின்றன. நம் உடம்பு நடக்கும்போது பழகிய அசைவுக்கு அது பக்கத்தில் இருப்பதால் அலுப்புத் தட்டுவதில்லை. 2.2 என்பது ரேஸ் டிராக்குக்குப் பொருந்தும் அமைப்பு. பழைய மகாபலிபுரம் சாலையில் தினமும் இரண்டு மணி நேரம் அதில் உட்கார்ந்தால் முதுகு தாங்காது.

காயிலோவரே வேண்டாம் என்று சொல்லவில்லை. மென்மையான ஸ்பிரிங்கோடு வருவதைத் தேடுங்கள். கேடபிள்யூ நிறுவனத்தின் வரிசையில் வேரியன்ட் 1-இல் ஷாக்கின் இறுக்கத்தை மாற்ற முடியாது. 2-இல் திரும்பி நீளும் பக்கத்தை மட்டும் மாற்றலாம். 3-இல் அமுங்கும் பக்கத்தையும் மாற்றலாம். தினசரி ஓட்டத்துக்கு முதல் இரண்டே போதும். திருகு அதிகமிருந்தால் நல்ல செட் என்று நினைப்பவர்கள் பலர். தவறாகத் திருகி வைத்த வேரியன்ட் 3-ஐ விட, தொழிற்சாலையிலேயே சரியாக அமைத்த வேரியன்ட் 1 எவ்வளவோ மேல்.

கேள்வி (வேலூர், பழைய ஃபிகோ): 90,000 கி.மீ. ஓடிய கார், ஷாக் மாற்றியதில்லை. பட்ஜெட் குறைவு என்பதால் ஸ்பிரிங்கை முதலில் போட்டுவிட்டு ஷாக்கை அடுத்த ஆண்டு மாற்றலாமா?

பதில்: வேண்டாம், வரிசையை மாற்றுங்கள். ஓய்ந்த ஷாக்கால் ஒரிஜினல் ஸ்பிரிங்கையே அடக்க முடியாது. விறைப்பான ஸ்பிரிங் வந்தால் டயர் தரையில் குதித்துக்கொண்டே போகும். ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும்போது அது உயிருக்கு ஆபத்து. இந்த ஆண்டு ஷாக், பம்ப் ஸ்டாப், ஸ்ட்ரட் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் மேல்முனையைக் காரோடு பிடிக்கும் பாகம்), லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் காரின் அடிப்பகுதியோடு இணைக்கும் கை) புஷ் எனும் ரப்பர் ஆகியவற்றைப் புதிதாகப் போடுங்கள். கார் புதிதானதுபோல் ஓடுவதைப் பார்த்த பிறகு, இறக்க வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளலாம்.

கேள்வி (ஈரோடு, பலேனோ): இறக்கினால் வேகத்தடையில் அடி தட்டும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். எந்த அளவுக்கு உண்மை?

பதில்: வேகத்தடையைப் பொறுத்தது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1988 விதிப்படி அமைத்த வளைந்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம் கொண்டது. பலேனோவின் முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2.52 மீட்டர். ஆகவே நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் அந்த வளைவின் மேலேயே நிற்கும். வண்டியின் நடுவயிற்றை நோக்கி மேடு எழும்புவது ஏறத்தாழ 47 மி.மீ. மட்டுமே. 170 மி.மீ. தரை இடைவெளி உள்ள காரை 30 மி.மீ. இறக்கினாலும் நிதானமாகப் போனால் அது தட்டாது.

நம் தெருக்களில் இருப்பதோ வேறு. ஒரு முழம் அகலத்தில், அரையடி உயரத்தில், ஊர்க்காரர்களே சிமென்ட் போட்டுக் கட்டியவை. அந்த மேடு முழுவதும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே நுழைந்துவிடுவதால் அதன் முழு உயரமும் வயிற்றுக்கு வரும். 150 மி.மீ. மேட்டை 140 மி.மீ. இடைவெளி தாண்டாது, எவ்வளவு மெதுவாகப் போனாலும் தாண்டாது. அளவுநாடாவோடு உங்கள் தெருவிலிருந்து அலுவலகம் வரை ஒருமுறை போய்வாருங்கள். பின்னால் மூன்று பேரும் டிக்கியில் சாமானும் இருந்தால் கார் எவ்வளவு தாழ்கிறது என்பதையும் தனியாக அளந்து கழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கோவை, 2012 ஸ்விஃப்ட்): ஆட்டோகிராஸ் (குறுகிய பாதையில் நேரம் வைத்து ஓட்டும் போட்டி) பழகுவதற்காக 55 மி.மீ. இறக்கினேன். வளைவில் முன்பைவிட அதிகமாகச் சாய்வதுபோல் இருக்கிறது. இது என் பிரமையா?

பதில்: பிரமை இல்லை. காரின் அடியில் படுத்து லோயர் ஆர்மைப் பாருங்கள். சக்கரப் பக்கத்து முனை உள்பக்கத்து முனையைவிட மேலே ஏறியிருக்கும். உங்கள் காரின் முன்பக்கத்தில் உள்ள மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் ஆர்ம் இப்படித் தூக்கிக்கொண்டால், கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் உள்ள தூரம் கூடக் கூட, எடை காரைச் சாய்க்கப் பிடிக்கும் நெம்புகோல் நீளமாகிறது. உயரத்தைக் குறைத்தும் சாய்வு கூடுவது இதனால்தான். கூடவே, சாயும்போது சக்கரம் உள்பக்கமாகச் சரிந்து டயரைத் தரையில் படிய வைக்கும் இயல்பும் குறைந்துபோகும்.

பணம் செலவழிக்காத தீர்வு, லோயர் ஆர்ம் கிடைமட்டத்துக்கு வரும்வரை காரை மறுபடி உயர்த்துவது. பெரும்பாலும் 25, 30 மி.மீ. இறக்கத்தில் அது வந்துவிடும். உயர்த்த மனமில்லையென்றால் லோயர் ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் பால் ஜாயிண்ட், நீண்ட தண்டுள்ளதாக வேண்டும். அதைப் போட்டால், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டையும் அதே அளவுக்குத் தாழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் ஸ்டீயரிங் தானாக இழுக்கும்.

கேள்வி (சேலம், ஐ20): இறக்கி ஆறு மாதத்தில் முன் டயர்களின் உள்ஓரம் கம்பி தெரியத் தேய்ந்துவிட்டது. கேம்பர்தான் காரணமா?

பதில்: கேம்பரைவிட (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) டோவைச் (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) சந்தேகப்படுங்கள். உயரம் மாறும்போது இரண்டும் மாறும், ஆனால் டயரைச் சாலையில் தேய்த்து இழுப்பது டோதான். இறக்கிய ஸ்பிரிங் முதல் சில நாட்களில் இன்னும் சற்று உட்காரும். ஆகவே பொருத்திய அன்று ஒருமுறையும், 500 கி.மீ. ஓடிய பிறகு ஒருமுறையும் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். ஹெட்லைட் ஒளி விழும் உயரத்தையும் அன்றே சரிசெய்துகொள்ளுங்கள்.

இதோடு, பல பட்டறைகளில் விட்டுப்போகும் ஒன்றையும் கவனியுங்கள். லோயர் ஆர்ம் புஷ்களின் போல்ட்டை சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால் கார் தரைக்கு வந்ததும் அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். கார் தன் எடையில் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு.

கேள்வி (திருச்சி, டியாகோ): சட்டப்படி இது சரியா?

பதில்: 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மாற்றும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரியுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். கழற்றிய ஒரிஜினல் ஸ்பிரிங்கை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி (நாமக்கல், ஸ்விஃப்ட்): கருவிகள் வைத்திருக்கிறேன். வீட்டிலேயே ஸ்பிரிங் மாற்றலாமா?

பதில்: பின்பக்கம் முடியும். ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் பீமை ஜாக்கியால் மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கைக்கு வந்துவிடும். காரை ஜாக்கியை நம்பி விடாமல் ஸ்டாண்டில் நிறுத்தியிருக்க வேண்டும், பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முன்பக்கத்தை முதல் தடவை தனியாகச் செய்யாதீர்கள். ஸ்ட்ரட்டுக்குள் ஸ்பிரிங் எப்போதும் அமுங்கிய நிலையில் இருக்கிறது, அதைப் பிடித்து வைத்திருப்பது மேலே உள்ள ஒரே ஒரு நட்டு. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரஸரின் இரண்டு கொக்கிகளையும் நேர் எதிரெதிராக மாட்டி, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள். ஸ்பிரிங் இரண்டு சீட்டிலிருந்தும் விடுபட்டு, கையால் அசைத்தால் லேசாகக் கடகடவென்று ஆட வேண்டும். அந்த ஆட்டம் வரும்வரை மேல் நட்டில் ஸ்பேனரை வைக்கவே கூடாது; அதைக் கழற்றும்போது முகம் ராடுக்கு நேராகவும் இருக்கக் கூடாது.